இணையவழி உலக நலவாழ்வுக் கல்வி

இணையவழி உலக நலவாழ்வுக் கல்வி என்பது உலக மக்களின் உடல்நலத்தையும், நாடுகளுக்கு இடையேயும் ஒரே நாட்டின் மக்கட்பிரிவுகளுக்கு இடையேயும் காணப்படும் நலவாழ்வு ஏற்றத்தாழ்வுகளையும் பட்டமேற்படிப்பு நிலையில் இணையத்தின் ஊடாகக் கற்பிக்கும் கல்விமுறை ஆகும். சான்றிதழ், பட்டயம், முதுநிலைப் பட்டம் ஆகிய மூன்று நிலைகளில் இது வழங்கப்படுகிறது. மருத்துவர், செவிலியர், புள்ளியியலாளர், அரசு சுகாதாரத் துறை அலுவலர், தொண்டு நிறுவனப் பணியாளர் எனப் பலதரப்பட்டோர் தம் பணியை விடாமலேயே இதனைப் பயில்கின்றனர்.

இக்கல்விமுறைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நோய்ச்சுமை மிகுந்த நாடுகளைப் பற்றிய இத்துறையின் பெயர்பெற்ற கல்விநிலையங்களுள் பெரும்பாலானவை அச்சுமை குறைந்த நாடுகளிலேயே அமைந்துள்ளன. இணையவழிக் கல்வி வகுப்பறையை நோயுள்ள இடத்துக்கு அருகே கொண்டு சென்றது. ஆயினும் கட்டணம், இணைய வசதி, மொழி, பட்டத்தின் ஏற்புடைமை ஆகியவற்றின் வழியாக, பாடநூலில் கூறப்படும் அதே ஏற்றத்தாழ்வு வகுப்பறைக்குள்ளும் நுழைகிறது.

துறையின் தோற்றம்

உலக நலவாழ்வு எனும் துறையின் முன்னோடி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய வெப்பமண்டல மருத்துவம் ஆகும். 1898இல் கப்பல் வணிகரான ஆல்பிரட் ஜோன்சின் முயற்சியால் லிவர்ப்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, பிரித்தானியக் குடியேற்றநாட்டு அமைச்சகத்தின் ஆதரவுடன் பாட்ரிக் மேன்சன் இலண்டனில் இத்தகைய பள்ளி ஒன்றை நிறுவினார். குடியேற்ற நாடுகளில் பணியாற்றிய அலுவலர், வணிகர், படைவீரர் ஆகியோரின் உடல்நலமும் அந்நாடுகளின் உழைப்பாளர் உற்பத்தித் திறனும் இப்பள்ளிகளின் முதன்மை அக்கறைகளாக இருந்தன. 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ் 1899இல் லிவர்ப்பூல் பள்ளியில் ஆசிரியரானார். ஆய்வு நடந்த இடம் ஒன்று, அதன் கல்வி நிலைத்த இடம் வேறொன்று என்ற அமைப்பு அப்போதே உருவாகிவிட்டது.

1916இல் ராக்கெபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் சுகாதாரம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கான தனிப்பள்ளி ஒன்றை நிறுவியது. அதே அறக்கட்டளையின் உதவியால் 1932இல் கல்கத்தாவில் அனைத்திந்திய சுகாதார, பொதுச் சுகாதார நிறுவனம் தொடங்கப்பட்டது. 1948இல் உலக சுகாதார அமைப்பு தோன்றியபின் "பன்னாட்டு நலவாழ்வு" எனும் பெயர் பரவியது. இது பெரும்பாலும் செல்வந்த நாடுகள் ஏழை நாடுகளுக்கு உதவுவதையே குறித்தது. 1978இல் அல்மா ஆட்டாவில் நடைபெற்ற மாநாடு, 2000ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலவாழ்வு எனும் இலக்கையும் அதற்கான வழியாக ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பையும் அறிவித்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை.

"உலக நலவாழ்வு" எனும் சொல் 1990களில் வலுப்பெற்றது. எல்லை கடந்து பரவும் நோய்கள், மருந்துக் காப்புரிமை, புகையிலை வணிகம், மருத்துவப் பணியாளர் இடப்பெயர்வு போன்றவற்றை ஒரு நாடு தனித்து நின்று கையாள இயலாது என்பதே இச்சொல்லின் அடிப்படை. செல்வந்த நாட்டுக்குள் உள்ள ஏழையின் உடல்நலமும் இதில் அடங்கும். அவ்வகையில் பழைய பெயர்களிலிருந்து இது வேறுபடுகிறது.

நலவாழ்வு ஏற்றத்தாழ்வு

இப்படிப்புகளின் மையப் பாடம் இதுவே. எல்லா வேறுபாடுகளும் ஏற்றத்தாழ்வு ஆகா. முதியவர் இளையவரைவிட அதிகம் நோயுறுவது இயல்பு. தவிர்க்கக்கூடியதும் தேவையற்றதும் நியாயமற்றதுமான வேறுபாட்டையே நலவாழ்வு அநீதி எனக் கொள்ள வேண்டும் என்று பிரித்தானிய ஆய்வாளர் மார்கரெட் வைட்ஹெட் 1990களின் தொடக்கத்தில் வரையறுத்தார். இவ்வரையறை பெரும்பாலான பாடத்திட்டங்களில் முதல் வாரத்திலேயே இடம்பெறுகிறது.

வேறுபாட்டை எண்களால் காட்டும் முயற்சி மிகப் பழையது. 1842இல் எட்வின் சாட்விக் இங்கிலாந்தின் உழைப்பாளர் சுகாதார நிலை பற்றி வெளியிட்ட அறிக்கையில், மான்செசுட்டரில் இறந்தோரின் சராசரி வயது கனவான்கள் குடும்பங்களில் 38, வணிகர் குடும்பங்களில் 20, உழைப்பாளர் குடும்பங்களில் 17 எனக் கண்டிருந்தது. ஊர்ப்புறமான ரட்லண்டில் இவை முறையே 52, 41, 38 ஆகும். உழைப்பாளர் 17 வயதில் இறந்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. குழந்தை இறப்புகள் மிகுந்திருந்ததால் சராசரி அவ்வாறு தாழ்ந்தது. ரட்லண்டின் உழைப்பாளியும் மான்செசுட்டரின் கனவானும் ஒரே எண்ணைப் பெற்றிருப்பது, வருமானத்தைப் போலவே வாழிடமும் முதன்மையானது என்பதைக் காட்டுகிறது.

1848இல் மேல் சைலீசியாவில் பரவிய தைபசுக் காய்ச்சலை ஆராயப் பிரசிய அரசு ருடால்ப் விர்ச்சோவை அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 26. அவர் அளித்த அறிக்கை, மருந்துகளுக்கு மேலாக மக்களாட்சி, கல்வி, வரிச் சீர்திருத்தம், சாலைகள் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. அப்பகுதி மக்கள் பேசிய போலிய மொழிக்கு அலுவல் மொழித் தகுதி வேண்டும் என்றும் அது கோரியது. நோய்க்கு மொழிக்கொள்கையைத் தீர்வாக எழுதிய மருத்துவ அறிக்கை வேறு எதுவும் இந்த அளவுக்கு நினைவில் நிற்கவில்லை.

20ஆம் நூற்றாண்டில் இத்துறையின் போக்கை மாற்றிய ஆய்வுகள் இரண்டு. முதலாவது, 1967இல் இலண்டனில் தொடங்கப்பட்ட வைட்ஹால் ஆய்வு. சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்கள் இதில் பின்தொடரப்பட்டனர். கடைநிலைப் பணியாளர் மாரடைப்பு முதலிய இதய நாடி நோயால் இறக்கும் வீதம் உயர்நிலை அலுவலருடையதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம் போன்றவை இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின. இங்கு ஆராயப்பட்டோர் எவரும் வறியவர் அல்லர். அனைவருக்கும் நிலையான வேலை இருந்தது. அனைவருக்கும் இலவச மருத்துவமும் கிடைத்தது. ஆயினும் பதவியின் ஒவ்வொரு படியிலும் இறங்க இறங்க இறப்பு வீதம் ஏறியது. ஏற்றத்தாழ்வு என்பது ஏழை, செல்வர் எனும் இரு துண்டுகளாக இல்லாமல் ஒரு படிக்கட்டாக அமைந்துள்ளது எனும் கருத்து இதிலிருந்து பிறந்தது. 1985இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு பெண்களையும் சேர்த்து 10,308 பேரைப் பின்தொடர்ந்து, பணியின் மீது ஒருவருக்கு உள்ள கட்டுப்பாட்டின் அளவு அவரது உடல்நலத்தைப் பாதிப்பதைக் காட்டியது. இவ்வாய்வுகளை வழிநடத்திய மைக்கேல் மார்மட் பின்னர் உலக சுகாதார அமைப்பின் சமூகக் காரணிகள் ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார்.

இரண்டாவது பிளாக் அறிக்கை. தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தபின், 1977இல் பிரித்தானிய அரசு டக்ளஸ் பிளாக் தலைமையில் அமைத்த குழு, திறன்சாராத் தொழிலாளர் வகுப்பினர் ஓய்வு வயதுக்கு முன் இறக்கும் வாய்ப்பு உயர்தொழில் வகுப்பினருடையதைப்போல் இரண்டரை மடங்கு எனக் கண்டது. அறிக்கை முடிவதற்குள் ஆட்சி மாறிவிட்டது. புதிய அரசு 1980 ஆகத்து மாத நீள்விடுமுறையின்போது, அச்சிடாமல், 260 படிகளை மட்டும் நகலெடுத்து வெளியிட்டது. பரிந்துரைகளையும் ஏற்க மறுத்தது. மறைக்கும் முயற்சியே அறிக்கைக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. 1982இல் அது மலிவுவிலை நூலாக வெளியாயிற்று.

மருத்துவ வசதி கிட்டும் அளவு அதன் தேவைக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது எனும் "எதிர்மாறுப் பராமரிப்பு விதி"யை 1971இல் ஜூலியன் டியூடர் ஹார்ட் வெளியிட்டார். இவர் வேல்சில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரின் பொது மருத்துவர். சந்தைப் போக்குக்கு மருத்துவம் ஆட்படும்போது இவ்விதி மேலும் கடுமையாகிறது என்பதும் அவர் கூற்றாகும்.

சராசரிக்குள் மறைவோர்

ராக்கெபெல்லர் அறக்கட்டளை 1985இல் வெளியிட்ட "குறைந்த செலவில் நல்ல நலவாழ்வு" எனும் ஆய்வு, சீனா, கொஸ்ட்டா ரிக்கா, இலங்கை, கேரளம் ஆகிய நான்கையும் எடுத்துக்காட்டுகளாகக் கொண்டது. வருமானம் குறைந்திருந்தும் இவை உயர்ந்த வாழ்நாளை எய்தியிருந்தன. பெண்கல்வி, எளிதில் எட்டக்கூடிய ஆரம்ப மருத்துவம், உணவுப் பங்கீடு, மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசியல் ஆகியவை காரணங்களாகச் சுட்டப்பட்டன. இலங்கையில் 1926இலேயே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டிருந்தது. குறித்த எல்லைக்குள் வாழும் மக்கள் அனைவரின் நலத்துக்கும் ஒரு சுகாதார அலுவலரும் மருத்துவிச்சிகளும் பொறுப்பேற்கும் இம்முறை பின்னர் நாடெங்கும் பரவியது. உலகெங்கும் உள்ள மாணவர் இதனைப் பாடமாகப் படிக்கின்றனர்.

அதே இலங்கையின் தேசிய சராசரிக்குப் பின்னால் பெருந்தோட்டப் பகுதி மறைந்துள்ளது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, நலவாழ்வுக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் எய்தாதோர் நாடளவில் சுமார் 17 விழுக்காடு. மலையகத் தமிழர் பெரும்பான்மையாக வாழும் தோட்டப் பகுதியில் சுமார் 32 விழுக்காடு. தோட்டப் பகுதியின் மக்கள்தொகை சிறியது என்பதால் நாட்டின் சராசரியில் இவ்வேறுபாடு ஏறக்குறைய புலப்படுவதில்லை.

செல்வந்த நாடுகளிலும் நிலை இதுவே. சமூகக் காரணிகள் ஆணையம் 2008இல் வெளியிட்ட அறிக்கை, கிளாஸ்கோ நகரின் கால்ட்டன் பகுதியில் ஆண்களின் வாழ்நாள் எதிர்பார்ப்பு 54 ஆண்டுகள் எனவும், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள லென்சியில் 82 ஆண்டுகள் எனவும் குறிப்பிட்டது. இந்திய ஆண்களின் சராசரியாக அவ்வறிக்கை தந்த எண் 62 ஆகும்.

அளவீடு

ஏற்றத்தாழ்வு குறைந்ததா, கூடியதா எனும் வினாவுக்கு விடை, எவ்வாறு அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதை விளக்க ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். ஒரு நாட்டில் ஆயிரம் பிறப்புகளுக்கு ஏழைக் குடும்பங்களில் 100 குழந்தைகளும் செல்வக் குடும்பங்களில் 40 குழந்தைகளும் இறக்கின்றன. பத்தாண்டுகளுக்குப் பின் இவை 60, 20 எனக் குறைகின்றன. கழித்துப் பார்த்தால் இடைவெளி 60இலிருந்து 40 ஆகச் சுருங்கியுள்ளது. வகுத்துப் பார்த்தால் ஏழைக் குழந்தையின் இறப்பு வாய்ப்பு செல்வக் குழந்தையினுடையதைப்போல் இரண்டரை மடங்காக இருந்தது மூன்று மடங்காக ஏறியுள்ளது. அமைச்சர் முதல் கணக்கையும் எதிர்க்கட்சியினர் இரண்டாம் கணக்கையும் எடுத்துக்கொள்வர். இரண்டும் பிழையல்ல. ஆகவே இரண்டையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்பது துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட நடைமுறை.

குடும்பத்தின் செல்வநிலையை அறிவதும் எளிதன்று. முறைசாரா வேலை மிகுந்த நாடுகளில் வருமானத்தைக் கேட்டால் நம்பத்தக்க விடை கிடைப்பதில்லை. எனவே வீட்டின் தரை, கூரை, கழிவறை, மிதிவண்டி, தொலைக்காட்சி போன்றவற்றைக் கணக்கிட்டு ஒரு குறியெண் அமைத்து, மக்களை ஐந்து சம பிரிவுகளாகப் பிரிப்பர். இம்முறையைப் பயன்படுத்தும் மக்கள்தொகை, நலவாழ்வுக் கணக்கெடுப்புகள் 1984 முதல் அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் பல வளரும் நாடுகளில் நடத்தப்பட்டன. இந்தியாவின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் இந்த வகையைச் சார்ந்ததே. பதிவு செய்துகொள்ளும் ஆய்வாளருக்கு இத்தரவு இலவசமாகக் கிடைத்ததால், களப்பணிக்குச் செல்ல இயலாத இணையவழி மாணவர் பலர் தம் முதுநிலை ஆய்வேட்டை இதைக்கொண்டே எழுதினர். 2025 பெப்ரவரியில் அமெரிக்க அரசு நிதியை நிறுத்தியபோது இத்திட்டத்தின் பணிகள் இடையில் நின்றன. எண்ணப்படாத இறப்பு எந்த ஏற்றத்தாழ்வுக் கணக்கிலும் வாராது என்பதால், துறை சார்ந்தோர் இதனைப் பெரும் இழப்பாகக் கருதினர்.

நோய்ச்சுமையை அளக்க 1993இல் உலக வங்கி தன் அறிக்கையில் "இயலாமை ஈடுசெய்த வாழ்வாண்டு" எனும் அலகைப் பயன்படுத்தியது. முற்பட்ட இறப்பால் இழந்த ஆண்டுகளையும் இயலாமையுடன் வாழ்ந்த ஆண்டுகளையும் இது ஒன்றாகக் கூட்டுகிறது. தொடக்கத்தில் இளம் வயதினரின் ஓராண்டுக்குக் குழந்தை, முதியோர் ஆகியோரின் ஓராண்டைவிட அதிக எடை தரப்பட்டது. இது கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. 2010ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வில் இவ்வயது எடை கைவிடப்பட்டது. ஓர் அலகுக்குள் ஒளிந்துள்ள விழுமியங்களைத் தேடிப் பார்க்க மாணவரைப் பழக்குவதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

அஞ்சலிலிருந்து இணையத்துக்கு

வளாகத்துக்கு வராதவருக்கும் பட்டம் வழங்கும் வழக்கத்தை 1858இல் இலண்டன் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1921இல் கொழும்பில் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் தனிப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, தன் மாணவரை இலண்டன் வெளிவாரித் தேர்வுகளுக்கே ஆயத்தம் செய்தது. ஆகையால் தொலைவிலிருந்து இலண்டன் பட்டம் பெறுவது இலங்கைத் தமிழருக்குப் புதிதன்று.

1998இல் இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளி இந்த ஏற்பாட்டின் வழியே தொலைதூர முதுநிலைப் படிப்புகளைத் தொடங்கியது. குடியேற்ற நாடுகளுக்கு மருத்துவரை அனுப்புவதற்காக 1899இல் பிறந்த பள்ளி, நூறாண்டு நிறையும் வேளையில் பாடத்தை அந்நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது எனலாம். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பல்கலைக்கழகம் வேறொரு தொடக்கத்தைக் கொண்டது. நிறவெறி அரசால் "கலப்பினத்தவர்" என வகைப்படுத்தப்பட்டோருக்காக 1960இல் அமைக்கப்பட்ட அப்பல்கலைக்கழகத்தில், டேவிட் சாண்டர்ஸ் (1945–2019) உருவாக்கிய பொதுச் சுகாதாரத் துறை, ஆப்பிரிக்க நாடுகளின் மாவட்டச் சுகாதார அலுவலருக்குத் தொலைதூர முதுநிலைக் கல்வி வழங்கியது. ஆப்பிரிக்காவின் சிக்கலை ஆப்பிரிக்காவிலிருந்தே கற்பிக்கும் இத்தகைய முயற்சிகள் எண்ணிக்கையில் குறைவு.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2001இல் அறிவித்த திறந்த பாடத்திட்டத்தைப் பின்பற்றி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொதுச் சுகாதாரப் பள்ளி 2005இல் தன் பாடங்களை இலவசமாக இணையத்தில் இட்டது. பாடம் இலவசமாயிற்று, பட்டம் ஆகவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப முயன்றது, நோய்ப்பரவலியல் பேராசிரியர் ரிச்சர்டு ஹெல்லர் தொடங்கிய "பீப்பிள்ஸ்-யூனி" எனும் திட்டம். இணையத்தில் கிடைக்கும் திறந்த வளங்களைப் பாடமாகத் தொகுத்து, பல நாடுகளின் தன்னார்வ ஆசிரியரைக் கொண்டு, மிகக் குறைந்த கட்டணத்தில் வளரும் நாட்டு மாணவருக்குப் பொதுச் சுகாதாரம் கற்பித்தது. கட்டற்ற கலைக்களஞ்சியங்களை இயக்கும் அதே தன்னார்வ உழைப்பே இதற்கும் அடிப்படை. 2012க்குப் பின் பெருந்திரள் இணையவழிப் பாடங்கள் பரவின. 2020இல் கோவிட்-19 பெருந்தொற்று வளாகக் கல்வியையும் இணையத்துக்குத் தள்ளியது.

பயிலும் முறை

முதுநிலைப் பட்டம் பொதுவாகப் பகுதிநேரமாக இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளில் முடிக்கப்படுகிறது. நோய்ப்பரவலியல், உயிரிப்புள்ளியியல், சுகாதாரப் பொருளியல், சுகாதாரக் கொள்கை ஆகியவை பொதுப் பாடங்களாகவும், தாய்சேய் நலம், தொற்றுநோய்க் கட்டுப்பாடு, போர்க்காலச் சுகாதாரம், மனநலம் போன்றவை விருப்பப் பாடங்களாகவும் அமைவது வழக்கம். இறுதியில் ஆய்வேடு அல்லது திட்ட அறிக்கை எழுத வேண்டும். நிகழ்நேர வகுப்புகள் குறைவு. மாணவர் பல நேர வலயங்களில் வாழ்வதால், பதிவு செய்த விரிவுரை, வாசிப்பு, எழுத்துவழிக் கலந்துரையாடல் ஆகியவையே முதன்மையானவை.

கலந்துரையாடலே இம்முறையின் உண்மையான வலிமை. தாய் இறப்பைப் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். 2023இல் உலகில் கருவுறுதல், மகப்பேறு சார்ந்து சுமார் 2,60,000 பெண்கள் இறந்தனர்; அவற்றுள் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்த, கீழ்நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்ந்தவை. ஆண்டு முழுதும் ஒரு தாய் இறப்பைக்கூடக் காணாத மருத்துவமனையில் பணிபுரிபவருக்கு இது ஓர் எண். குருதி வங்கி இல்லாத மாவட்ட மருத்துவமனையிலிருந்து எழுதும் மாணவருக்கு இது அந்த வாரத்தின் நிகழ்வு. மருத்துவ உதவியை நாடும் முடிவில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அடைந்தபின் சிகிச்சையில் தாமதம் என இத்துறை வகுத்துள்ள மூன்று தாமதங்களுள் எது எங்கே நேர்கிறது என்பதை அவரால் சொல்ல முடியும். ஒரே வளாகத்தில் இருவரையும் ஒன்றுசேர்க்க நுழைவிசைவு, பயணச்செலவு, பணிவிடுப்பு மூன்றும் தேவைப்பட்டிருக்கும்.

இதன் மற்றொரு பயன் பணியாளர் இழப்பைத் தவிர்ப்பது. உலக நோய்ச்சுமையில் 24 விழுக்காட்டைத் தாங்கும் ஆப்பிரிக்க வட்டாரத்தில் உலகின் மருத்துவப் பணியாளருள் 3 விழுக்காட்டினரே உள்ளனர் என்று 2006ஆம் ஆண்டின் உலக சுகாதார அறிக்கை கூறியது. மேற்படிப்புக்காக வெளிநாடு செல்வோருள் பலர் திரும்புவதில்லை. தொலைதூரத்தில் பயில்பவர் படிக்கும் காலத்திலாவது தம் பணியிடத்தில் இருக்கிறார். படித்து முடித்தபின் வெளியேற அப்பட்டமே உதவக்கூடும் என்பதையும் மறுக்க இயலாது.

குறைகளும் உள்ளன. பாடத்தைப் பாதியில் நிறுத்துவோர் வளாகக் கல்வியைவிட இதில் மிகுதி. நோய்ப்பரவல் ஒன்றைக் களத்தில் புலனாய்வு செய்தல், கிராமத்தில் குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்தல் போன்ற திறன்களைத் திரையின் முன் அமர்ந்து பெற இயலாது.

கல்விக்குள் ஏற்றத்தாழ்வு

டியூடர் ஹார்ட்டின் விதி இக்கல்விக்கும் பொருந்துகிறது. உலக நலவாழ்வுக் கல்வி யாருக்கு மிகத் தேவையோ அவருக்கே அது எட்டாத உயரத்தில் உள்ளது. மருத்துவக் கல்வி பற்றி லான்செட் இதழ் அமைத்த ஆணையம் 2010இல், 36 நாடுகளில் ஒரு மருத்துவக் கல்லூரிகூட இல்லை எனவும், சகாராவுக்குத் தெற்கேயுள்ள 26 ஆப்பிரிக்க நாடுகளில் ஒன்று மட்டுமே உள்ளது அல்லது ஒன்றும் இல்லை எனவும் கண்டறிந்தது. இத்தகைய நாடுகளின் பணியாளருக்கு இணையவழிக் கல்வி தவிர வேறு வழி அரிது. ஆனால் ஐக்கிய இராச்சியத்திலோ அமெரிக்காவிலோ உள்ள பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பட்டக் கட்டணம், அந்நாட்டு நாணயத்தில் கணக்கிடப்படும்போது, மாவட்டச் சுகாதார அலுவலர் ஒருவரின் பல ஆண்டு ஊதியத்தை விழுங்கக்கூடியது. பிரித்தானியாவின் பொதுநலவாய உதவித்தொகை ஆணையம் வளரும் பொதுநலவாய நாட்டினருக்குத் தொலைதூரக் கல்வி உதவித்தொகை வழங்கிவருகிறது. சில பல்கலைக்கழகங்கள் மாணவரது நாட்டின் வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைக்கின்றன. விண்ணப்பிப்போர் தொகையோடு ஒப்பிட இவை சிறியவை.

இணைய வசதி அடுத்த தடை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுக் கணிப்பின்படி உயர் வருமான நாடுகளில் 93 விழுக்காட்டினர் இணையத்தைப் பயன்படுத்தினர். குறைந்த வருமான நாடுகளில் 27 விழுக்காட்டினரே. உலகெங்கும் சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தனர். இணைப்பு உள்ள இடத்திலும் மின்வெட்டும் தரவுக் கட்டணமும் காணொளி விரிவுரையை எட்டாக்கனியாக்குகின்றன. நல்ல பாடத்திட்டங்கள் இதனால் விரிவுரையின் எழுத்துவடிவையும் தரவிறக்கக்கூடிய சிறு கோப்புகளையும் தருகின்றன.

ஆய்விதழ்கள் மற்றொன்று. உலக சுகாதார அமைப்பும் பதிப்பாளர்களும் 2002இல் தொடங்கிய ஹினாரி திட்டம், ஏழை நாடுகளின் நிறுவனங்களுக்கு மருத்துவ இதழ்களை இலவசமாகவோ குறைந்த விலையிலோ வழங்கியது. தகுதி நாட்டளவில் முடிவு செய்யப்பட்டதால், பெரிய பொருளாதாரமும் பெரிய வறுமையும் ஒருங்கே கொண்ட இந்தியா இதில் சேர்க்கப்படவில்லை. சராசரியைக் கொண்டு தகுதியை அளந்தால் யார் விடுபடுவர் என்பதற்கு இத்துறைக்குள்ளேயே கிடைக்கும் சான்று இது.

மொழி பற்றிப் பேசுவோர் குறைவு. உலக நலவாழ்வுப் பட்டங்களுள் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்திலும், ஓரளவு பிரெஞ்சு, எசுப்பானிய மொழிகளிலும் வழங்கப்படுகின்றன. தமிழ் போன்ற மொழிகளில் பட்டமேற்படிப்பு நிலைப் பாடநூல்கள் மிக அரிது. கிராமச் செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் நாள்தோறும் திரட்டும் தரவே இத்துறையின் கச்சாப்பொருள். அத்தரவைக் கொண்டு எழுதப்படும் ஆய்வை அவர்கள் தம் மொழியில் படிக்க இயலாத நிலை நீடிக்கிறது. விர்ச்சோ 1848இல் எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை.

கோவிட்-19 காலத்தில் இவ்விவாதம் கூர்மையடைந்தது. 2021 இறுதியில் பல செல்வந்த நாடுகள் மூன்றாம் தவணை தடுப்பூசி வழங்கிக் கொண்டிருந்தபோது, ஆப்பிரிக்காவில் முழுமையாகத் தடுப்பூசி பெற்றோர் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இருந்தனர். காப்புரிமைத் தளர்வு கோரி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வணிக அமைப்பிடம் அளித்த முன்மொழிவு, 2022 சூனில் பெரிதும் சுருக்கப்பட்ட வடிவிலேயே முடிவாயிற்று. முன்னணிப் பள்ளிகள் பல அமைந்துள்ள ஐக்கிய இராச்சியத்தின் அரசே இம்முன்மொழிவை எதிர்த்தது. உலக நலவாழ்வுக் கல்வியைக் குடியேற்ற மரபிலிருந்து விடுவிக்க வேண்டும் எனும் கோரிக்கையை மாணவரே முன்னின்று எழுப்பியதில் வியப்பில்லை. ஏழை நாட்டில் வந்திறங்கித் தரவைத் திரட்டிச் சென்று, உள்ளூர் ஆய்வாளர் பெயரின்றிக் கட்டுரை வெளியிடும் "வான்குடை ஆய்வு" முறை இப்போது பல பாடத்திட்டங்களில் தவறான நடைமுறைக்கு எடுத்துக்காட்டாகக் கற்பிக்கப்படுகிறது.

தமிழகமும் இந்தியாவும்

சென்னை மாகாணம் 1939இலேயே பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மருத்துவமனைப் பணியிலிருந்து பிரிந்த தனிப் பொதுச் சுகாதார இயக்ககத்தைப் பேணிவரும் மாநிலம் எனும் வகையில் தமிழ்நாடு கொள்கைப் பாடங்களில் குறிப்பிடப்படுவதுண்டு.

சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இணையவழியில் நடத்தும் உயிர்மருத்துவ ஆய்வு அடிப்படைப் பாடம், 2019 முதல் இந்தியாவின் மருத்துவப் பட்டமேற்படிப்பு மாணவருக்குக் கட்டாயமாக்கப்பட்டது. மிகப் பெரும் எண்ணிக்கையில் இந்திய மருத்துவர் இணையவழியில் ஆய்வுமுறை கற்பது இதன் வழியாகவே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, சிற்றூர்களில் பணிபுரியும் மருத்துவருக்குக் குடும்ப மருத்துவத்தில் தொலைதூரப் பட்டயப் படிப்பை நடத்தியுள்ளது. நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதைக் குறைத்து அங்கேயே தீர்வு காணும் திறனை வளர்ப்பது அதன் நோக்கம். முழுக்கத் தொலைவிலிருந்தே நடத்தாமல் நேரடிப் பயிற்சி அமர்வுகளையும் அது சேர்த்துக்கொண்டது.

பட்டத்தின் ஏற்புடைமை இன்னும் சிக்கலானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல் போன்றவற்றைத் தொலைதூர, இணையவழி முறைகளில் நடத்தத் தடை விதித்தன. நோயாளியைத் தொடாமல் மருத்துவம் கற்க இயலாது என்பதால் இத்தடை நியாயமானதே. பொதுச் சுகாதாரம் மருத்துவத் தொழில்சாராத் துறை ஆகையால் அதன் நிலை இதிலிருந்து வேறுபடுகிறது. ஆயினும் வெளிநாட்டு இணையவழிப் பட்டத்தை அரசுப் பணிக்கோ பதவி உயர்வுக்கோ ஏற்பது, அந்தப் பணியின் விதிகளையும் இணைத்தகுதிச் சான்றையும் பொறுத்தே அமைகிறது. இதனால் இப்படிப்பை முடிப்போருள் பலர் அரசுத் துறையைவிடத் தொண்டு நிறுவனங்களிலும் ஆய்வுத் திட்டங்களிலுமே அதற்குரிய பயனைப் பெறுகின்றனர். அதே விதிகளின் காரணமாக, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்துகொண்டே இரவில் படித்துப் பட்டம் பெற்ற அலுவலருக்கு அது பணிப்பதிவேட்டில் ஏறாமலே போகவும் கூடும்.